அம்மாவின் மாத்திரைகளுடன் துபாய் வழியாகக் கலிபோர்னியா: விமான நிலையச் சோதனைக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: பாளைச்செல்வி

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். 68 வயதாகும் என் அம்மா அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறித் துபாய் செல்கிறார்கள். அங்கே என் தம்பி வீட்டில் சில நாட்கள் இருந்துவிட்டு, கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் அண்ணனிடம் போய் மூன்று மாதம் தங்குவதாகத் திட்டம். திரும்பும்போதும் துபாய் வழிதான். பயணச்சீட்டு, விசா எல்லாம் ஆகிவிட்டன. என் உறக்கத்தைக் கெடுப்பது அம்மாவின் மருந்துப் பை ஒன்றுதான்.

அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் பேனா போட்டுக்கொள்கிறார்கள். பாத எரிச்சலுக்கு ப்ரீகாபலின், இரவு உறக்கத்துக்குக் குளோனாசெபாம், முழங்கால் வலி மிஞ்சும் நாட்களில் டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை, இவை தவிர இரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் வழக்கமானவை. மாதந்தோறும் ஒரே கடையில் வாங்குவதால் கடைக்காரர் சீட்டுக் கேட்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. மருத்துவர் கடைசியாக எழுதிக் கொடுத்த சீட்டு மடிப்பில் கிழிந்து, எழுத்தும் மங்கிக் கிடக்கிறது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த டப்பாவில் போட்டு வைப்பது அம்மாவின் பழக்கம். பயணத்திலும் அப்படியே கொண்டுபோகலாம் என்று நினைக்கிறார்கள்.

இவற்றோடு, சித்த மருத்துவரிடம் வாங்கிய லேகியம் ஒரு போத்தலும் சூரணம் ஒரு பெரிய பொட்டலமும் எடுத்துச்செல்ல விரும்புகிறார்கள். எதிர்வீட்டு மதினி, துபாயில் இருக்கும் தன் மகனுக்கு ஒரு மாத்திரைக் கவரைக் கொடுத்துவிட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள். அண்ணனோ, கலிபோர்னியாவில் மருத்துவக் கஞ்சா சட்டப்படியே கிடைக்கிறது, அதில் செய்த மிட்டாய் கால் வலிக்கு நல்லது, அம்மாவுக்கு ஒத்துக்கொண்டால் ஊருக்கும் கொஞ்சம் வாங்கிப் போகலாம் என்கிறார். எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது, என்னென்ன காகிதம் வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: வண்ணார்பேட்டை மருந்தாளுநர்

சகோதரி, நான் வண்ணார்பேட்டையில் மருந்துக்கடை நடத்துகிறேன். உங்கள் கேள்வியில் இரண்டு வெவ்வேறு சோதனைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

முதலாவது, விமானம் ஏறுமுன் நடக்கும் பாதுகாப்புச் சோதனை. திருவனந்தபுரமானாலும் மதுரையானாலும், ஸ்கேனர் அருகில் நிற்கும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் தேடுவது ஆயுதத்தையும் வெடிபொருளையும்தான். மாத்திரைகளால் அங்கே சிக்கல் வருவதில்லை. திரவம் 100 மில்லிக்கு மேல் ஒரே புட்டியில் கைப்பையில் இருக்கக் கூடாது என்ற சர்வதேச விமான விதியிலிருந்து பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு விலக்கு உண்டு. பையை ஸ்கேனரில் வைக்கும்முன் தனியே எடுத்துக் காட்டி, சீட்டையும் நீட்டினால் போதும். இன்சுலின் பேனாவும் ஊசிமுனைகளும் கட்டாயம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டி போகும் அடித்தளத்தில் குளிர் உறைநிலைக்கு இறங்கக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு தெளிவாகவே தெரிந்தாலும் வேலை செய்யாது. அதே காரணத்தால், நம் ஊரில் பலர் செய்வதுபோலப் பிளாஸ்க்கில் பனிக்கட்டியைப் போட்டு அதன் மேலேயே பேனாவை வைக்காதீர்கள். குளிர்ப் பொதிக்கும் பேனாவுக்கும் நடுவே ஒரு துணி மடிப்பாவது வேண்டும்.

இரண்டாவது, இறங்கும் நாட்டின் சுங்கம். கவனம் முழுவதும் அங்கேதான் வேண்டும். அந்த அதிகாரி பார்ப்பது அவர் நாட்டுச் சட்டத்தை. இந்தியாவில் நம் மருத்துவர் எழுதி, நம் கடையில் இரசீதுடன் வாங்கினோம் என்பது அவருக்குத் துணை ஆதாரம் மட்டுமே. உங்கள் அம்மாவின் பட்டியலில் ப்ரீகாபலின், குளோனாசெபாம், டிரமடால் ஆகிய மூன்றும் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். இரத்த அழுத்த மாத்திரை, தைராய்டு மாத்திரை, இன்சுலின் ஆகியவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே எல்லா மருந்துக்கும் ஒரே மாதிரி பயப்படாமல், இந்த மூன்றை மட்டும் தனியே எடுத்து வைத்து யோசியுங்கள்.

ப்ரீகாபலின் பலருக்கு வியப்பாக இருக்கும். சர்க்கரையால் நரம்பு பாதித்த பலருக்கு நம் பக்கத்தில் எழுதப்படும் சாதாரண மாத்திரை அது. நம் நாட்டுப் போதைப்பொருள் சட்டத்தில் அது இல்லை. வளைகுடாவில் அதைப் போதைக்காகப் பயன்படுத்துவோர் பெருகியதால் அமீரகம், சவூதி, குவைத், கத்தார் என்று எல்லா இடத்திலும் கிடுக்கிப்பிடி போட்டிருக்கிறார்கள். டிரமடாலை இந்தியாவே 2018 ஏப்ரலில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. பாராசிட்டமாலுடன் சேர்ந்த மாத்திரை என்பதால் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். சேர்மானமும் அதில் அடங்கும். 2017இல் எகிப்து விமான நிலையத்தில் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பெண், வலிக்காகக் கொண்டுபோன 290 டிரமடால் மாத்திரைகளுடன் பிடிபட்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அந்த நாட்டில் அது தடைசெய்யப்பட்டது என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னது எடுபடவில்லை.

இந்த மருந்துகளைக் கொண்டுபோகவே முடியாது என்று இதற்குப் பொருளில்லை. பயணிகள் தம் சிகிச்சைக்கான சிறிய அளவு, குளோனாசெபாம் போன்ற மனநிலையைப் பாதிக்கும் மருந்துகளைக் கையில் கொண்டுசெல்ல நாடுகள் அனுமதிக்கலாம் என்று 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையே இடம் கொடுக்கிறது. எந்த நாட்டில் என்ன விதி என்பதை வியன்னாவில் உள்ள சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் நாடுவாரியாகத் தன் இணையதளத்தில் போட்டு வைத்திருக்கிறது. அமீரக அரசு, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துடன் வருபவர்கள் புறப்படுமுன்பே இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறும் வசதியைச் செய்துள்ளது. கடவுச்சீட்டின் நகல், மருந்துச் சீட்டு, நோயையும் சிகிச்சையையும் விவரிக்கும் மருத்துவ அறிக்கை ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டியிருக்கும். துபாயில் இருக்கும் உங்கள் தம்பி உடனிருந்து நிரப்பிக் கொடுத்தால் எளிது. அனுமதி கையில் வந்த பிறகு அதை அச்சிட்டு அம்மாவின் கைப்பையிலேயே வையுங்கள். கைப்பேசியில் மட்டும் இருந்தால், மின்னேற்றம் தீர்ந்த நேரத்தில் உதவாது.

காகிதத்துக்கு வருவோம். கிழிந்த பழைய சீட்டு எதற்கும் ஆகாது. எழுதிய மருத்துவரிடமே போய், அவருடைய பெயர் அச்சிட்ட தாளில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். என்ன நோய், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், நாளுக்கு எத்தனை, பயணக் காலத்துக்கு மொத்தம் எத்தனை என்பதும், அவருடைய பதிவு எண், கையெழுத்து, முத்திரை ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். மருந்தின் வணிகப் பெயரோடு மூலப் பெயரும் (உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயர்) கட்டாயம் வேண்டும், ஏனெனில் நம் கம்பெனிகள் வைக்கும் பெயர்கள் அங்குள்ள பட்டியலில் இருக்காது. மூலப் பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கு 2016 முதல் விதியே இருக்கிறது. அதனால் தயங்காமல் கேளுங்கள். இன்னொன்று, நம் ஊரில் சீட்டுகளில் பெயருக்கு முன் ஒரு தலைப்பெழுத்து மட்டும் போட்டு எழுதிவிடுவார்கள். கடவுச்சீட்டிலோ தகப்பனார் பெயரோ கணவர் பெயரோ விரிவாக நிற்கும். கடிதத்தில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும்.

அறை பிரித்த டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். மாத்திரை அதன் அட்டையிலேயே, முடிந்தால் அட்டைப்பெட்டியோடு போக வேண்டும். போதைப்பொருள் சட்டத்தில் வரும் மாத்திரை அட்டையில் இடது மேல் மூலையில் சிவப்பாக ‘என்ஆர்எக்ஸ்’ (NRx) என்று அச்சிட்டிருக்கும்; சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை வாசகமும் இருக்கும். அதைப் பார்த்தாலே எது சிக்கலான மருந்து என்று நீங்களே கண்டுகொள்ளலாம், ப்ரீகாபலினைத் தவிர. பத்து மாத்திரை அட்டையிலிருந்து நான்கைக் கத்தரித்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது; அப்படி வெட்டிய துண்டில் பெயர் பாதி, காலாவதித் தேதி பாதி என்றுதான் இருக்கும். பயணத்துக்கு முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள். இரசீதும் அம்மா பெயரில் போடச் சொல்லுங்கள். டிரமடால், குளோனாசெபாம் போன்றவற்றை ஒரு தனிநபர் சீட்டுடன் ஒரே நேரத்தில் 100 அலகுகள்வரை (மாத்திரையானால் 100 மாத்திரை) வைத்திருக்கலாம் என்றும், நீண்டகாலச் சிகிச்சை என்று மருத்துவர் தனியே எழுதியிருந்தால் 300வரை வைத்திருக்கலாம் என்றும் இந்திய விதி சொல்கிறது. இங்கிருந்து புறப்படும்போது அந்தக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மூன்று மருந்தும் பயணத்துக்குத் தேவைதானா என்று மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். எப்போதாவது போடும் டிரமடாலை இந்தச் சில மாதங்களுக்கு வேறொன்றாக மாற்ற அவர் சம்மதிக்கக்கூடும். அப்படி மாற்றும்போது டேபென்டடால் எழுதினால், அதுவும் அதே இனம், அதே சிக்கல் என்பதை நினைவூட்டுங்கள். நரம்பு எரிச்சலுக்கு டுலோக்ஸெடின் போன்ற வேறு மருந்துகளும் உள்ளன. உங்கள் அம்மாவின் சிறுநீரகத்துக்கும் மற்ற மாத்திரைகளுக்கும் அது பொருந்துமா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் சுங்கத்துக்குப் பயந்து குளோனாசெபாமைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் போட்டவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், உறக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். குறைப்பதென்றால் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாற்று மருந்து பழகவும் நாளாகும். அதனால் அடுத்த மாதம்தானே என்று காத்திராமல் இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

பதில்: பொதிகைச்சாரல்

மேலே சொன்னவர் தேவைக்கு மேல் அச்சுறுத்துகிறார் என்று எனக்குப் படுகிறது. எங்கள் அப்பா ஆண்டுதோறும் சார்ஜாவுக்குப் போய் வருகிறார்கள். மாத்திரைகளை டப்பாவில் போட்டுத்தான் கொண்டுபோவார்கள். இதுவரை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. வயதானவர்களை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

பதில்: வண்ணார்பேட்டை மருந்தாளுநர்

ஐயா, தங்கள் தகப்பனார் கொண்டுபோவது இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளாக இருந்தால் ஒருவரும் கேட்காததில் வியப்பில்லை. இந்தச் சகோதரியின் அம்மாவிடம் இருப்பவை வேறு. பத்துப் பயணிகளில் ஒருவரின் பையைத் திறக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். திறந்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி. அரபியும் ஆங்கிலமும் சரளமாக வராத ஒரு தாயார், பெயரற்ற வெள்ளை மாத்திரைகளை வைத்துக்கொண்டு இவை என்ன என்று அங்கே யாரிடம் விளக்குவார்கள்?

பதில்: மேலப்பாளையத்துக்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வளைகுடாவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன். மருந்தைப் பற்றி மருந்துக்கடை அண்ணாச்சி சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. அந்த எதிர்வீட்டுக் கவரைப் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

சுங்க மேசையில் என்ன நடக்கிறது என்பதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். என் முன்னால் நின்ற நம் பக்கத்து இளைஞர் ஒருவரின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். முறுக்கு டப்பாவையும் கைலிகளையும் ஒதுக்கிவிட்டு, அடியில் இருந்த ஒரு பழுப்புக் கவரை அதிகாரி எடுத்தார். அட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் வரிசையாக வைத்து, பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்து, சிலவற்றை இடப்பக்கமும் சிலவற்றை வலப்பக்கமும் நகர்த்தினார். பிறகு கேட்டது ஒரே கேள்விதான்: இது உன்னுடையதா? அந்தத் தம்பி, நண்பரின் உறவினர் கொடுத்தது என்றார். வலப்பக்க அட்டைகளோடு அவரையும் உள்ளே அழைத்துப் போனார்கள். அவர் அன்று மாலைவரை வெளியே வரவில்லை என்று அழைத்துப்போக வந்த அவருடைய மாமா பிறகு சொன்னார். உன்னுடையது என்றால் சீட்டு எங்கே என்பார்கள். உன்னுடையது இல்லை என்றால் ஏன் சுமந்து வந்தாய் என்பார்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. 2019இல் மும்பையைச் சேர்ந்த ஒரு தம்பதி கத்தாருக்குப் போனபோது, உறவினர் ஒருவர் கொடுத்துவிட்ட பொட்டலத்தில் நான்கு கிலோ சரஸ் (கஞ்சாப் பிசின்) இருந்தது. பொட்டலத்துக்குள் இருந்ததை அறியாத அவர்களுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தார்கள். அந்தப் பெண் அப்போது கருவுற்றிருந்தார். சிறையிலேயே குழந்தை பிறந்தது. தாங்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்பதை இந்தியாவில் நடந்த விசாரணை மூலம் நிறுவி, விடுதலையாகி 2021இல்தான் அவர்களால் ஊர் திரும்ப முடிந்தது. கத்தாரில் உள்ள நம் தூதரகம், ப்ரீகாபலின், டிரமடால், அல்பிரசோலாம், டயசெபாம், குளோனாசெபாம், சோல்பிடெம், கோடீன் என்று பெயர் சொல்லியே எச்சரித்து, அடுத்தவர் மருந்தை வாங்கிவர வேண்டாம் என்றும் அறிவித்திருக்கிறது. கோடீன் என்பது நம் ஊர் இருமல் மருந்துகள் சிலவற்றில் இருப்பது, அதையும் மறந்துவிடாதீர்கள்.

கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே உறக்க மாத்திரை, கோடீன் போன்றவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். கடைசி நேரத்தில் கிடைக்காது. கசகசாவும் அங்கே தடைசெய்யப்பட்டது. அமீரகத்திலும் அப்படித்தான். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கசகசா கலந்திருந்தால் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

பதில்: பாளை சித்த மருத்துவர்

லேகியம், சூரணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து, இங்கேயே மருத்துவம் பார்ப்பவன் நான். லேகியத்தைப் பாதுகாப்புச் சோதனையில் களிம்பைப் போலத்தான் கணக்கிடுவார்கள். ஆகவே பெரிய போத்தல் செக்-இன் பெட்டியில் போகட்டும். பொடிக்கும் ஒரு விதி உண்டு: 2018 முதல், அமெரிக்கா செல்லும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனியே சோதிப்பார்கள், ஐயம் தீராவிட்டால் எடுத்துச்செல்ல விட மாட்டார்கள். சூரணத்துக்கு மட்டுமல்ல, இட்லிப் பொடிக்கும் அது பொருந்தும். உங்கள் தாயார் துபாயில் அமெரிக்க விமானம் ஏறும்போது இந்தச் சோதனை வரும்.

பொட்டலம் கட்டிய, பெயர் எழுதாத மருந்து எதுவும் வேண்டாம். உரிமம் பெற்ற நிறுவனம் தயாரித்து, உட்பொருட்களின் பட்டியல் அச்சிட்டு, மூடி முத்திரையிட்ட புட்டியாக வாங்குங்கள். பற்பம், செந்தூரம் ஆகிய பொடி மருந்துகளைத் தவிர்த்துவிடுங்கள். பெயரில்லாத வெண்ணிறப் பொடியைப் பார்க்கும் அதிகாரியின் எண்ணம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. முக்கியமாக, கஞ்சா இலை சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகள் நம் நாட்டில் மருத்துவரின் மேற்பார்வையில் கொடுக்கப்படுகின்றன. ‘விஜயா’ என்ற பெயரில் உட்பொருள் பட்டியலில் அது நிற்கும். இந்தியச் சட்டம் கஞ்சாவின் பூந்தலையையும் பிசினையும் தடுக்கிறது, பூந்தலை சேராத இலையை விட்டுவைக்கிறது. அந்த நுணுக்கம் துபாய் சுங்கத்தில் செல்லாது. லேகியப் புட்டியின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள்.

பதில்: கலிபோர்னியாவில் நெல்லைக்காரி

அக்கா, உங்கள் அண்ணனின் யோசனைக்கு நான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே இருப்பவர்களுக்கு அது ஏன் இயல்பாகத் தோன்றுகிறது என்று எனக்குத் தெரியும். கலிபோர்னியா 1996லேயே மருத்துவக் கஞ்சாவை ஏற்றுக்கொண்ட மாநிலம். 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு 21 வயது நிறைந்த எவரும் கடையில் வாங்கலாம். கடைகள் மருந்துக்கடையைவிடப் பளபளப்பாக இருக்கும். மிட்டாய், எண்ணெய், களிம்பு என்று அடுக்கி வைத்திருப்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையக் காவல்துறையே, வயது வந்தவர் 28.5 கிராம்வரை வைத்திருந்தால் மாநிலச் சட்டப்படி கைது செய்வதில்லை. இதையெல்லாம் தினமும் பார்க்கிறவருக்கு, கையில் இருப்பது மருந்துதானே என்ற எண்ணம் வந்துவிடும்.

ஆனால் விமானப் போக்குவரத்தும் எல்லையும் குடியேற்றமும் கூட்டாட்சி அரசின் கையில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தில் கஞ்சாவுக்கு அனுமதி இல்லை. இங்குள்ள பாதுகாப்புச் சோதனை அதிகாரிகள் கஞ்சாவைத் தேடுவதில்லை என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். கண்ணில் பட்டால் காவல்துறையிடம் தெரிவிப்பார்கள். 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டப்படி போதை தரும் டிஎச்சி என்ற கூறு 0.3 சதவீதத்துக்கு மிகாத, ‘ஹெம்ப்’ எனப்படும் கஞ்சாச் செடி வகைப் பொருளுக்கும், அரசு அனுமதித்த மருந்துக்கும் மட்டுமே விலக்கு. உள்ளூர்க்காரருக்கு இதனால் பெரிய தீங்கு வராமல் போகலாம். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அம்மாவின் நிலை வேறு. வேற்று நாட்டவர் ஒருவர் கஞ்சா பயன்படுத்தியதாகக் குடிவரவு அதிகாரியிடம் தாமே ஒப்புக்கொண்டால், அதுவே அடுத்த முறை நாட்டுக்குள் வர முடியாமல் செய்துவிடக்கூடும். மாநிலத்தில் சட்டப்படி வாங்கியது என்பது அங்கே காப்பாற்றாது.

ஊருக்குக் கொண்டுவருவது பற்றிப் பேச்சே வேண்டாம். வழியில் துபாய் இருக்கிறது. அங்கே வைத்திருப்பது மட்டுமல்ல, உட்கொண்டிருப்பதும் குற்றம். அதைத் தாண்டி வந்தாலும், இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ததற்கான பிரிவு காத்திருக்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோவரை ‘சிறிய அளவு’ என்று சட்டம் வகைப்படுத்துவதால், அதுவரை பரவாயில்லை என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தச் சிறிய அளவுக்கும் ஓராண்டுவரை கடுங்காவலோ, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. மின்சிகரெட் வடிவில் இருந்தால், 2019ஆம் ஆண்டின் தடைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

மருத்துவ ரீதியாகவும் எனக்கு இது பிடிக்கவில்லை, அக்கா. 68 வயதில், ஏற்கனவே குளோனாசெபாமும் ப்ரீகாபலினும் எடுத்துக்கொள்பவர்கள் மேலே கஞ்சா மிட்டாயையும் சாப்பிட்டால் தலைசுற்றி விழ வாய்ப்பு அதிகம். அந்த மிட்டாய் வேலை செய்யத் தொடங்க ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாவதையும் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களை நான் அறிவேன். இந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால், காப்பீடு எடுத்திருந்தாலும் இங்கே ஆகும் செலவும் அலைச்சலும் சொல்லி முடியாது.

அமெரிக்காவுக்குள் நுழைவதைப் பொறுத்தவரை, 90 நாட்களுக்கு மிகாத அளவு, மூல அட்டையில், மருத்துவர் கடிதத்துடன் இருந்தால் போதும். மூன்றும் இங்கேயும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளே என்பதால், சுங்க அதிகாரி கேட்குமுன் நாமே எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது. விமானத்தில் இறங்கியதும் சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தால், உடன் வருபவர் கடிதத்தை எடுத்துக் காட்டவும் உதவுவார்.

கேள்வியாளரின் மறுமொழி: பாளைச்செல்வி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று ஹைகிரவுண்ட் பக்கம் உள்ள எங்கள் மருத்துவரைப் பார்த்தோம். டிரமடாலைப் பயணம் முடியும்வரை நிறுத்திவிட்டு, பாராசிட்டமாலும் வலிநீக்கிக் களிம்பும் போதும் என்றார். குளோனாசெபாமும் ப்ரீகாபலினும் தொடர வேண்டும் என்பதால் கடிதம் எழுதித் தருகிறார். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதச் சொன்னேன். தம்பி அமீரக அனுமதிக்கு விண்ணப்பிக்கிறான். அண்ணனிடமும் பேசிவிட்டேன், விசா பற்றிய செய்தியைக் கேட்டதும் அவரே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இரண்டு ஐயங்கள் மிச்சம். திரும்பும் வழியில் துபாயில் மீதி மாத்திரைகள் இருக்குமே, அதற்கு என்ன செய்வது? எதிர்வீட்டு மதினி மனம் நோகாமல் எப்படி மறுப்பது? அவர்கள் மகனுக்கு அங்கே வாங்கினால் விலை அதிகமாம்.

பதில்: வண்ணார்பேட்டை மருந்தாளுநர்

டிரமடாலை விட்டது பெரிய நிம்மதி, சகோதரி. திரும்பும் பயணத்தைத் தனி நுழைவாகவே கருதுங்கள். துபாயில் வெளியே வந்து தங்குவதாக இருந்தால், அந்தத் தேதிக்கும் அளவுக்கும் பொருந்தும் அனுமதி கையில் இருக்கிறதா என்று தம்பியை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் புதிதாக விண்ணப்பிக்கட்டும். மாத்திரை எண்ணிக்கை நாள் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். மூன்று மாதத்துக்கு எழுதிய சீட்டில் முக்கால்வாசி மிச்சம் இருந்தால், உண்மையில் யாருக்காகக் கொண்டுவருகிறீர்கள் என்ற கேள்வி எழும். இன்சுலின் பேனாவில் திறந்தது எந்தத் தேதி என்று பேனாவின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். பெரும்பாலான வகைகளைத் திறந்த பிறகு நான்கு வாரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

பதில்: மேலப்பாளையத்துக்காரன்

தங்கச்சி, மதினியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: அம்மா பெயரில் அனுமதி வாங்கியிருக்கிறோம், அதில் எழுதியிருப்பதைத் தவிர ஒரு மாத்திரை கூடுதலாக இருந்தாலும் அம்மாவைத்தான் பிடிப்பார்கள் என்று. கவரில் என்ன மருந்து இருக்கிறது என்று கேட்டு, அதன் மூலப் பெயரை அந்தத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். துபாயில் வேலை செய்பவருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டு அட்டையுடன் ஒரு கிளினிக்குக்குப் போனால், சாதாரண மருந்தாக இருக்கும்வரை அவர் பங்குக்குச் சிறு தொகையே ஆகும். அங்குள்ள மருத்துவர் எழுத மறுக்கும் மருந்தாக இருந்தால், அது அம்மாவின் பெட்டியில் இருக்கவே கூடாத மருந்து. அந்தத் தம்பிக்கு எப்படிப் போவது, எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் யாரையாவது கூட அனுப்புகிறேன்.